“அம்மா, இப்போ உங்க நேரம் என்ன?” - பூடானில் ஒரு கோவில்பட்டி கணக்கு டீச்சர்!

பூடானில் வேலைக்குச் சேர்ந்த மறுநாளே அந்த டீச்சர் பள்ளிக்குத் தாமதமாகப் போனார். அதுவும் கணக்கு டீச்சர்!

ஊரிலிருந்து பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி எடுத்துப்போன சுவர்க்கடிகாரம் எட்டு மணி காட்டியது. எட்டரைக்குத்தான் காலை வழிபாடு. பத்து நிமிட நடை. நிதானமாகக் கிளம்பி எட்டேகாலுக்கு மைதானத்துக்குள் நுழைந்தால் வழிபாடு முடிந்து மாணவர்கள் வகுப்பறைக்கு வரிசை பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கண்களும் புது டீச்சரின் மேல்.

பூடான் நேரம் நம்மைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே எட்டரை என்றால் நமக்கு எட்டு. டீச்சருக்கு அது தெரியாமல் இல்லை. எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை மாற்ற வேண்டும் என்பதுதான் மறந்துபோனது.

தலைமையாசிரியர் திட்டவில்லை. சிரித்துக்கொண்டே, “மேடம், நீங்க இன்னும் இந்தியாவுலயே இருக்கீங்க” என்றார்.

“அவர் விளையாட்டாத்தான் சொன்னார். ஆனா அன்னிக்கு முழுக்க எனக்கு அதுவே காதுல கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நிஜமாவே நான் பாதிதான் அங்க இருந்தேன்” என்கிறார் டீச்சர்.

கடன் கொடுத்த பயணம்

டீச்சரின் ஊர் கோவில்பட்டி. வயது 38. உள்ளூர்த் தனியார் பள்ளி ஒன்றில் பதினோரு வருடங்கள் கணக்குப் பாடம் எடுத்தவர். “பேர் மட்டும் வேண்டாம். ஊர்ல எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடுறாங்க, அப்படியே இருக்கட்டும்” என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை.

கணவர் சிறிய அளவில் தீப்பெட்டித் தொழில் செய்துவந்தார். அது நொடித்தபோது மிச்சமானது நான்கு லட்ச ரூபாய் கடன். டீச்சரின் சம்பளம் வட்டிக்கும் வீட்டு வாடகைக்கும் போக, மாதக் கடைசியில் காய்கறிக்குக்கூட இழுபறி. அந்த நேரத்தில்தான், பூடானில் கணக்கு, அறிவியல் பாடங்களுக்கு இந்திய ஆசிரியர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள் என்ற தகவல் வந்தது.

பூடானுக்கு இந்திய ஆசிரியர்கள் புதிதல்ல. 1960-களில் அங்கே நவீனப் பள்ளிகள் பரவத் தொடங்கிய காலத்திலிருந்தே இங்கிருந்து, குறிப்பாகக் கேரளத்திலிருந்து, ஆசிரியர்கள் போயிருக்கிறார்கள். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில வழியில்தான். அதனால் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. தடையாக இருந்தது பதினோரு வயது மகள்.

“ரெண்டே வருஷம்தான் பாப்பா. ஆச்சியும் அப்பாவும் உன்கூட இருப்பாங்க” என்று சொன்னபோது மகள் அழவில்லை. “போயிட்டு வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு டி.வி பார்க்கப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியதாம் டீச்சருக்கு.

சென்னையிலிருந்து நியூ ஜல்பைகுரி வரை ரயில். அங்கிருந்து எல்லையில் இருக்கும் ஜெய்காவ்ன். ஓர் அலங்கார வளைவைத் தாண்டினால் அந்தப் பக்கம் பூடானின் புன்ட்ஷோலிங். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, அனுமதிச்சீட்டு போதும். “இந்தப் பக்கம் ஒரே ஹாரன் சத்தம். வளைவைத் தாண்டினதும் யாரோ ரேடியோவை அணைச்ச மாதிரி இருந்துச்சு” என்கிறார். அதன் பிறகு வளைந்து வளைந்து மலையேறும் சாலை. சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் ஏறும்போது, வழியெல்லாம் வாந்தி. பள்ளி இருந்தது பாரோ பள்ளத்தாக்கின் ஒரு கிராமத்தில்.

புளிக்காத மாவும் பொங்கிய மாவும்

கோவில்பட்டி வெயிலில் வளர்ந்தவருக்குப் பிப்ரவரி மாத பாரோ எப்படி இருக்கும்? முதல் வாரம் விடிகாலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். குழாய்க்குள் தண்ணீர் உறைந்திருக்கிறது, வெயில் வந்ததும் தானாக வரும் என்றார்கள். தேங்காய் எண்ணெயைக் கத்தியால் சுரண்டித்தான் தலைக்கு வைக்க முடிந்தது.

பருப்பு வேகவில்லை. ஊரில் சட்டியில் போட்டு மூடினால் அரை மணி நேரத்தில் மலர்ந்துவிடும் பருப்பு, இங்கே ஒரு மணி நேரம் கொதித்தும் கல்லாகவே கிடந்தது. கடைக்காரர் பழைய பருப்பைக் கொடுத்துவிட்டார் என்று மனதுக்குள் திட்டினார். பிறகுதான் உறைத்தது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் கதை நடக்காது. “பாடமா நடத்தினா புரியுது, சட்டியில வந்தா புரியமாட்டேங்குது” என்று சிரிக்கிறார்.

இட்லி மாவு கதை இன்னும் சுவாரஸ்யம். அரைத்து வைத்த மாவு மூன்று நாளாகியும் அசையவே இல்லை. உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர், “ராத்திரி புகாரி பக்கத்துல வைங்க” என்றார். புகாரி என்றதும் டீச்சருக்கு நினைவுக்கு வந்தது பிரியாணி. அங்கே புகாரி என்றால் அறையைச் சூடாக்கும் விறகு அடுப்பு. அதன் பக்கத்திலேயே பாத்திரத்தை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் மாவு பாத்திரத்தைத் தாண்டி, பலகைத் தரையில் வழிந்து, அங்கே அடுக்கி வைத்திருந்த ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் வரை போயிருந்தது. அன்று மாணவர்களுக்கு நோட்டு திரும்பக் கிடைத்தபோது எல்லாவற்றிலும் புளித்த மாவு வாசனை. “மேடம், இது என்ன சீஸ்?” என்று ஒருவன் முகர்ந்து பார்த்துக் கேட்டான்.

அவன் அப்படிக் கேட்டதில் நியாயம் உண்டு. பூடானில் எங்கும் சீஸ், எதிலும் சீஸ். அவர்களின் முக்கியமான உணவு எமா தட்ஷி. எமா என்றால் மிளகாய், தட்ஷி என்றால் சீஸ். நாம் பீன்ஸ் பொரியல் செய்வதுபோல அவர்கள் மிளகாயையே காயாகப் போட்டுச் சமைக்கிறார்கள். “நாங்க கரிசக்காட்டுக்காரங்க, காரம்லாம் எங்களுக்கு ஒண்ணுமில்ல” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஒரு பெரிய கரண்டி எடுத்துப்போட்டுக்கொண்டார். இரண்டாவது வாயிலேயே கண்ணில் நீர் கொட்டியது. அணைக்க அவசரமாகத் தேநீரை வாங்கிக் குடித்தால், அது சுஜா. வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர். அன்று சிரித்த சிரிப்பில்தான் ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அவருக்குச் சிநேகிதம் ஆனார்கள்.

‘லா’ என்றொரு எழுத்து

பூடானில் மரியாதைக்கு எதையும் ‘லா’ சேர்த்துத்தான் முடிப்பார்கள். வணக்கத்துக்கு ‘குசுசாங்போ லா’. நன்றிக்கு ‘கட்ரின்சே லா’. ஆங்கிலம் பேசினாலும் ‘எஸ் லா’, ‘ஓகே லா’.

ஒருநாள் இடைவேளையில் டீச்சர் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். “சாப்பிட்டேல்ல? மருந்து குடுத்தேல்ல? சொன்னேன்ல?” என்று பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவிகள், உங்கள் மொழியிலும் இவ்வளவு மரியாதையாகப் பேசுவீர்களா என்று வியந்தார்கள். “அது மரியாதை இல்லம்மா, அதட்டல்” என்று எப்படி விளக்குவது? ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

விருந்தோம்பலிலும் ஒரு சங்கடம். மாணவர் வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். யாராவது எதையாவது கொடுத்தால் வாயைக் கையால் மறைத்து ‘மேஷு மேஷு’ என்று முதலில் மறுப்பது அங்கே பண்பாடு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். டீச்சர் அன்று நிஜமாகவே வயிறு நிறைந்து ‘மேஷு மேஷு’ என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று மேலும் ஒரு கரண்டி சிவப்பரிசிச் சோறு விழுந்தது. மறுபடி மறுத்தார். மறுபடி விழுந்தது. “நம்ம ஊர்ப் பந்தியில இலைக்கு மேல கையை மறிச்சாலும், விரல் சந்து வழியா சோறு போடுவாங்கல்ல, அதேதான்” என்கிறார்.

சாப்பிட்டதும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. அங்கே அதற்கு ‘தோமா’ என்று பெயர். நம்ம தாம்பூலம்தானே என்று வாயில் போட்டார். ஈரப்பாக்கின் வாடையும் காட்டமும் ஏறி, அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு நாள் காலை நடையில் ஒரு ஸ்தூபியைக் குறுக்குவழியாக இடப்பக்கம் சுற்றிக்கொண்டு போனார். ஜெபச் சக்கரத்தை உருட்டியபடி எதிரே வந்த பாட்டி ஒன்றும் பேசவில்லை. டீச்சரின் தோளைத் தொட்டுத் திருப்பி, வலமாகத் தன்னோடு கூட்டிக்கொண்டு நடந்தார். “எங்க ஆச்சி பூவனநாத சாமி கோயில்ல என் கையைப் பிடிச்சு அப்படித்தான் இழுத்துட்டுப் போகும்” என்றபோது டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

27 மார்க்

செப்டம்பரில் மகளின் காலாண்டுத் தேர்வு முடிவு வந்தது. கணக்கில் நூற்றுக்கு 27.

பூடானில் இரவு எட்டு மணி, கோவில்பட்டியில் ஏழரை. அதுதான் அம்மாவும் மகளும் வீடியோ காலில் பேசும் நேரம். அன்று மகள் போனை வாங்கவில்லை. ஆச்சிதான் பேசினார். மனம் உடைந்திருந்த மகளைத் தேற்ற அவர் ஒரு பழமொழியைச் சொன்னார். “ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா, தன் பிள்ளை தானா வளரும்.”

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. “தானா வளர்ந்துதான் ஆச்சி 27 எடுத்திருக்கேன்.”

டீச்சர் அன்று இரவு தூங்கவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதினார். பிறகு அதே தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். இதுவரை அடைத்த கடன் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, இப்போது கிளம்பினால் ஒப்பந்தத்தில் எவ்வளவு பிடிப்பார்கள். எப்படிக் கூட்டினாலும் விடை ஒன்றுதான். இருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து தினமும் வீடியோ காலில் இருபது நிமிடம் பாடம். முதல் இரண்டு வாரம் மகள் கேமராவை மேலே பார்த்து வைத்துவிடுவாள். டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டு மின்விசிறி. அந்த மின்விசிறிக்கே பின்னங்களைச் சொல்லிக்கொடுத்தார். மழைக்கும் காற்றுக்கும் இணைப்பு துண்டிக்கும்போது, “கேக்குதா பாப்பா?” என்பார். “ம்” என்ற ஒரு சத்தம் வந்தால் அன்று நல்ல நாள்.

கொக்குகளுக்காகப் புதைத்த மின்கம்பி

நவம்பரில் சக ஆசிரியர்கள் வற்புறுத்தி போப்ஜிகா பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனார்கள். திபெத் பீடபூமியிலிருந்து கறுப்புக் கழுத்துக் கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வருகின்றன. வரும்போதும் திரும்பும்போதும் அங்குள்ள காங்தே மடாலத்தை மூன்று முறை வலம் வரும் என்பது ஊர் மக்களின் நம்பிக்கை. பறவைகள் மோதி விழக்கூடாது என்பதற்காக அந்தப் பள்ளத்தாக்கில் மின்கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோயிருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருப்பார்களே, அந்த மனசு.

ஒரு கொக்கு ஜோடி நடுவில் தங்கள் குஞ்சை விட்டு மேய்ந்துகொண்டிருந்தது. “அது குஞ்சையும் கூட்டிக்கிட்டுல்ல வந்திருக்கு” என்று டீச்சர் தமிழில் சொன்னதற்கு, பக்கத்தில் இருந்தவர்கள் புரியாமலே தலையாட்டினார்கள்.

வழியில் புனாகா. போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 17-ம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை மடாலம். ஒன்று ஆண் நதி, ஒன்று பெண் நதி என்பார்கள். அதன் அருகே சிமி லாகாங் கோயில். குழந்தை வரம் வேண்டி வருகிற இடம். அந்த ஊர் வீடுகளின் முன் நின்று எடுத்த படத்தை உற்சாகமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இரண்டாவது நிமிடம் நாத்தனாரிடமிருந்து போன். “மதினி, பின்னாடி சுவத்தைப் பாத்தீகளா?” சுவர் முழுக்க ஆண்குறி ஓவியம்! அங்கே அது தீய பார்வையை விரட்டுகிற, வளத்தைக் கொடுக்கிற சின்னம். நாம் வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டுவதுபோல. ஆனால் மாமனாரும் இருக்கும் குழுவில் அதை யார் விளக்குவது? படத்தை அழித்துவிட்டார். அழிப்பதற்குள் பதினோரு பேர் பார்த்துவிட்டார்கள்.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, பேருந்தில் கண்டக்டரிடம் நீட்டிய நோட்டு பூடானின் நுல்ட்ரம். மதிப்பு நம் ரூபாய்க்குச் சமம்தான். அங்கே நம் நோட்டும் செல்லும். ஆனால், கோவில்பட்டி கண்டக்டருக்கு அது தெரிய வேண்டுமே! “பார்த்தா டீச்சர் மாதிரி இருக்கீங்க, விளையாட்டு நோட்டு குடுக்கீங்க” என்று அவர் சத்தம் போட்டதில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

வகுப்பறையில் இரண்டு கடிகாரங்கள்

அடுத்த ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் அப்பாவோடு பூடானுக்குப் புறப்பட்டாள் மகள். வந்து சேர்ந்த மூன்றாம் நாள் மே 2. பூடானில் அதுதான் ஆசிரியர் தினம். மூன்றாவது மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக்கின் பிறந்தநாள்.

டீச்சர் அன்று கிரா கட்டினார். ஆறு கஜம் சேலையே கட்டுகிறோம், இது என்ன பிரமாதம் என்று தானே சுற்றிக்கொண்டு போனதில், மைதானத்துக்குப் போவதற்குள் இடுப்புப் பட்டி நழுவத் தொடங்கியது. மாணவிகள் நான்கு பேர் ஓடிவந்து, சுற்றி நின்று மறைத்து, இழுத்துக் கட்டிவிட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த மகள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு, நடனம், கைவேலை அட்டைகள். அம்மாவைச் சுற்றி அத்தனை பிள்ளைகள். அவள் முகம் சுருங்கிப்போனது. “நாம வீட்டுக்குப் போலாமாப்பா” என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்போது ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி அவள் கையைப் பிடித்து வகுப்பறைக்கு அழைத்துப்போனாள். கரும்பலகைக்கு மேலே இரண்டு கடிகாரங்கள். ஒன்று பள்ளியுடையது. மற்றது, கோவில்பட்டி வீட்டுக் கூடத்தில் இருந்த அதே கடிகாரம். அரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் தாமதத்துக்குப் பிறகும் டீச்சர் அதை மாற்றவே இல்லை. நேர வித்தியாசக் கணக்கு நடத்துவதற்கென்று வகுப்பில் மாட்டியவர், பிறகு எடுக்கவும் இல்லை. பிள்ளைகளுக்கு அது ‘மேடம் மகளோட கடிகாரம்’.

“இப்போ நீ பள்ளிக்கூடம் போற நேரம், இப்போ நீ சாப்பிடுற நேரம்னு மேடம் அதைப் பார்த்துச் சொல்வாங்க. நீ பரீட்சை எழுதின அன்னிக்கு நாங்க பத்து நிமிஷம் சத்தம் போடாம இருந்தோம்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள் அந்தச் சிறுமி. அப்படி ஒரு நாள் நடந்ததை டீச்சர் வீட்டில் சொன்னதே இல்லை.

மகள் எதுவும் பேசவில்லை. கொண்டுவந்திருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, அந்தப் பிள்ளைக்குத்தான் முதல் துண்டைக் கொடுத்தாள்.

எத்தனை படி?

அந்த வார இறுதியில் மூவரும் தக்சாங் மடாலம் ஏறினார்கள். சுமார் 3,120 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறையில் ஒட்டவைத்ததுபோல நிற்கும் கோயில். குரு பத்மசம்பவர் பெண் புலியின் மீது அமர்ந்து அங்கே பறந்து வந்தார் என்பது ஐதீகம். 1692-ல் கட்டத் தொடங்கியது. 1998-ல் தீக்கிரையாகி, பிறகு பழையபடியே எழுப்பியிருக்கிறார்கள்.

பைன் மரங்களுக்கு நடுவே இரண்டு, மூன்று மணி நேர ஏற்றம். கணவர் பாதி வழியில் இருக்கும் தேநீர்க்கடையோடு நின்றுவிட்டார். கடைசியில் படிகள். ஒரு பக்கம் இறங்கி, அருவியைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். டீச்சருக்கு மூச்சு வாங்கியது. மகள் முன்னால் போய், நின்று, காத்திருந்து, மறுபடி போனாள்.

“எண்ணிக்கிட்டே வாங்கம்மா, வலி தெரியாது” என்றாள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் இருவரும் எண்ணிக்கையைச் சொன்னார்கள். பன்னிரண்டு படி வித்தியாசம்.

“நீ நடுவுல ஓடினேல்ல, அப்ப விட்டுட்ட.”

“நான் ஒண்ணும் விடல. நீங்கதான் உக்காந்து எந்திரிச்சதுல மறந்துட்டீங்க. கணக்கு டீச்சராம்!”

போனையும் பையையும் வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போகும் வரை சண்டை ஓயவில்லை. வெண்ணெய் விளக்குகளுக்கு முன்னால் இருவரும் கண் மூடி நின்றார்கள். வெளியே வந்ததும் மகள் சொன்னாள், “வாங்க, இறங்கும்போது முதல்லேருந்து எண்ணுவோம். சேர்ந்து.”

இறங்கும்போது எண்ணிக்கை ஒன்றாக வந்ததா? “எங்க? பாதியில அவ ஸ்கூல் கதை சொல்ல ஆரம்பிச்சா. எண்ணுறதை விட்டுட்டோம்” என்கிறார் டீச்சர்.

மகள் இப்போது எட்டாம் வகுப்பு. இந்தக் காலாண்டில் கணக்கில் 58. கடன் இன்னும் கொஞ்சம் மிச்சம். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கச் சொல்லிப் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். டீச்சர் இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டில் கேட்டபோது, “நீங்களே முடிவு பண்ணுங்கம்மா” என்றாளாம் மகள்.

முன்பெல்லாம் போனை எடுத்ததும் டீச்சர்தான் பேச வேண்டும். இப்போது மணி ஏழரை ஆனால் கோவில்பட்டியிலிருந்தே அழைப்பு வருகிறது. கேமராவில் மின்விசிறி தெரிவதில்லை. முகம் தெரிகிறது. முதல் கேள்வி தினமும் ஒன்றுதான்.

“அம்மா, இப்போ உங்க நேரம் என்ன?”

விடை அவளுக்குத் தெரியும். இருந்தாலும் டீச்சர் சொல்கிறார். “எட்டுட்டி. சாப்பிட்டேல்ல?”